மாதம் 23-ஆம் தேதி தீரும் டேட்டா: கடலூர் வீடு ஒன்றில் ஒன்பது நாள் கண்காணிப்பு

செம்மண்டலத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு உள்ளூர் கேபிள்காரர் ஃபைபர் இணைப்பு கொடுத்திருக்கிறார். மாதம் 400 ஜிபி, 50 எம்பிபிஎஸ் வேகம். 400 தீர்ந்தால் அடுத்த ஒன்றாம் தேதி வரைக்கும் 2 எம்பிபிஎஸ்தான். பெரியப்பா, பெரியம்மா என்று இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கு இது தாராளம். ஆனால் 2025 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மாதமும் 22, 23 தேதி வாக்கில் டேட்டா காலியாகிக்கொண்டிருந்தது. டிவி சுற்றிக்கொண்டே நிற்கும். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா, பெரியப்பாவின் மகள், போன் செய்து, “கேமரா நின்னு நின்னு வருதுப்பா, கேபிள்காரன்கிட்ட சொல்லு” என்பாள். பெரியப்பா கேபிள்காரரைக் கூப்பிடுவார். அவர், “நீங்கதான் சார் யூஸ் பண்றீங்க, எங்க பக்கம் ஒண்ணும் இல்ல” என்று முடித்துக்கொள்வார்.

அக்காவின் அந்தப் புகாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் ஒன்பது நாள் வேலை ஒரு போன் காலில் முடிந்திருக்கும்.

திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் வீட்டில் எந்தப் பெட்டியில் விளக்கு எரியாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். ஜூலை முதல் வாரம் பெரியப்பா கடைக்கே வந்துவிட்டார். “டேய் தம்பி, பக்கத்து வீட்டுப் பையன் நம்ம வைஃபையத் திருடறான். ரெண்டு தடவ பாஸ்வேர்ட மாத்திட்டேன். அப்பவும் தீருது. எப்படியாவது கண்டுபிடி.”

வீட்டில் என்னென்ன இருந்தன

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் பெண்ணையாறு கரைமீறி, கடலூரின் வடக்குப் பக்கத்தில் பல தெருக்களில் புகுந்தது. பெரியப்பா வீட்டு வாசல்படி வரை தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. சிங்கப்பூரில் அக்கா மூன்று நாள் தூங்கவில்லை. பொங்கலுக்கு வந்தபோது வைஃபை கேமரா இரண்டு வாங்கி, கூடத்தில் ஒன்று, கேட்டுக்கு ஒன்று என்று மாட்டவைத்துவிட்டுப் போனாள். வெள்ளம் வந்தால் முதலில் போவது கரண்ட், அதோடு சேர்ந்து கேமராவும் போய்விடும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

கேமரா மாட்ட வந்த பையன் கையோடு இன்னும் சில சாமான்களையும் விற்றுவிட்டான். போர் மோட்டாருக்கு வைஃபை சுவிட்ச், நடைபாதையில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரியும் பல்பு, கூடத்துக்கு ஒரு வைஃபை பல்பு. டிவியும் ஏசியும் முன்பே ஸ்மார்ட் வகை. இரண்டு போன்களையும் சேர்த்துப் பெரியப்பா விரல் மடக்கி எண்ணியதில் ஒன்பது வந்தது.

எந்த மென்பொருள், ஏன்

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மொத்தக் கணக்கு மட்டும் இருந்தது. எந்தச் சாதனம் எவ்வளவு எடுத்தது என்று பிரித்துக் காட்டும் வசதி இல்லை. கேபிள்காரர்கள் கொடுக்கும் பெட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான்.

நெட்வொர்க்கில் போய்வரும் தகவலைப் பிடித்துக் காட்ட எல்லோரும் சொல்வது வயர்ஷார்க். 1998-இல் ஈதீரியல் என்ற பெயரில் ஜெரால்டு கோம்ஸ் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறிய அருமையான கருவி. ஆனால் அதை லேப்டாப்பில் போட்டு வீட்டு வைஃபையில் உட்கார்ந்தால் அந்த லேப்டாப்புக்கு வரும் போகும் பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள்தான் தெரியும். கேமராவிலிருந்து ரவுட்டருக்குப் போவது நம் கண்ணில் படாது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் பை-ஹோல் என்ற மென்பொருளைப் போடலாம். அதில் எந்தச் சாதனம் எந்தத் தளத்தின் பெயரைத் தேடியது என்று தெரியும். எத்தனை ஜிபி போயிற்று என்று தெரியாது. எனக்கு வேண்டியதே அந்த ஜிபி கணக்குதான்.

அதனால் ஐஓடி இன்ஸ்பெக்டரை எடுத்தேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. வீட்டுச் சாதனங்கள் யாரோடு பேசுகின்றன என்பதைச் சாதாரண ஆட்களே பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதைப் போட்டவர்கள் விரும்பிக் கொடுத்த தகவலை வைத்து, 53 நிறுவனங்களின் 44,956 சாதனங்களைப் பற்றி ஓர் ஆய்வும் வந்தது. ஸ்மார்ட் டிவிகள் மட்டும் ஏறத்தாழ 350 விளம்பர, பின்தொடரல் முகவரிகளோடு பேசியது அதில் தெரிந்தது.

இது வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் அதிலிருந்து முளைத்தவை. வீட்டு நெட்வொர்க்கில் ஒரு சாதனம் வெளியே ஏதாவது அனுப்ப வேண்டுமானால் முதலில் சத்தம் போட்டுக் கேட்கும்: “192.168.1.1 யாரு? உன் எம்ஏசி முகவரி என்ன?” ரவுட்டர், “நான்தான்” என்று பதில் சொல்லும். 192.168.1.1 என்பது வீட்டுக்குள் ரவுட்டரின் எண். எம்ஏசி என்பது ஒவ்வொரு சாதனத்தின் நெட்வொர்க் சிப்புக்கும் உள்ள அடையாள எண். ஏஆர்பி என்ற இந்த முறை 1982-இல் வகுத்தது. அந்தக் காலத்தில் ஒரே கட்டடத்துக்குள் எல்லோரும் தெரிந்தவர்கள். பதில் சொல்பவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் கிடையாது. ஐஓடி இன்ஸ்பெக்டர் அந்த ஓட்டையில்தான் நுழைகிறது. கேமராவிடம் போய், “ரவுட்டர் நான்தான்” என்கிறது. ரவுட்டரிடம் போய், “கேமரா நான்தான்” என்கிறது. இரண்டும் நம்பி, பாக்கெட்டை லேப்டாப்புக்கு அனுப்புகின்றன. லேப்டாப் எண்ணிக்கொண்டு, உரிய இடத்துக்குத் தள்ளிவிடுகிறது.

திருடர்கள் செய்வதும் இதே வித்தைதான். சொந்த வீட்டில், வீட்டுக்காரர் சம்மதத்தோடு செய்யலாம். ஹாஸ்டலிலோ லாட்ஜ் வைஃபையிலோ ஆபீசிலோ ஆசைக்குப் போட்டுப் பார்த்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரலாம். கடைக்கு வரும் கல்லூரிப் பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

போட்டது

ஜூலை 12, சனிக்கிழமை. கடையில் கிடந்த பழைய ஐ3 லேப்டாப், விண்டோஸ் 10. மென்பொருளைப் போட்டு ஓடவிட்டேன். உலாவியில் பக்கம் திறந்தது. சாதனப் பட்டியல் காலி. அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் உறைத்தது: என்பிகேப் போடவில்லை. விண்டோஸில் பாக்கெட்டைப் பிடித்துக் கொடுப்பது அந்தச் சின்ன நிரல்தான். அதைப் போட்டு, அட்மின் உரிமையோடு மறுபடி ஓடவிட்டதும் பட்டியல் நிரம்ப ஆரம்பித்தது. நடுவில் ஆன்டிவைரஸ் குதித்தது. யாரோ ரவுட்டர் வேஷம் போடுகிறார்கள் என்று அது கத்தியது சரியான கத்தல்தான். அந்த யாரோ நான்.

லேப்டாப்பை வைஃபையில் விடாமல் கேபிள் போட்டு ரவுட்டரில் நேராகச் செருகினேன். வைஃபையில் விட்டால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் கூடுதலாக ஒரு சுற்றுப் போய்வரும், வீடே மந்தமாகிவிடும். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் ஒன்றை விட்டுவிட்டேன். இரவு பதினொன்றரைக்குப் பெரியப்பா போன்: “டேய், மொத்தமா நெட்டு போச்சுடா.” லேப்டாப் தூங்கப் போய்விட்டது. வீட்டிலிருக்கும் எல்லாச் சாதனமும் தூங்குகிற லேப்டாப்பிடம் பாக்கெட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவையே பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டன. ஞாயிறு காலை போய், மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைப்பை மாற்றினேன். பெரியப்பாவுக்கு அதற்குள் இந்த ஏற்பாட்டின் மேல் பாதி நம்பிக்கை போய்விட்டது.

ஒன்பது, பதினான்கு

பட்டியலில் 14 பெயர்கள். பெரியப்பா எண்ணியது ஒன்பது. அவர் முகத்தில் ‘பார்த்தாயா’ என்ற பார்வை.

அதிலும் நான்கின் பக்கத்தில் எஸ்பிரெஸிஃப் என்று இருந்தது. “யாருடா அவன்? நம்ம வீட்ல அவனுக்கு என்ன வேல?” ஷாங்காயில் இருக்கும் சிப் நிறுவனம் அது. விலை குறைந்த வைஃபை பல்பு, பிளக், சுவிட்ச் பலவற்றின் உள்ளே இருப்பது அவர்கள் சிப்தான். எம்ஏசி முகவரியின் முதல் பாதி அதைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும் என்பதால், மேலே எந்த கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் பட்டியலில் சிப்காரர் பெயர் வந்து நிற்கும். பலர் இதைப் பார்த்துத்தான் பயந்துபோகிறார்கள்.

எது எது என்று பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது. நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொண்டேன், பெரியம்மா வீடெல்லாம் நடந்து சுவிட்ச் போட்டு அணைத்தார். “இப்ப எது போச்சு?” “கடைசிக்கு முந்தினது, பெரியம்மா.” “அது பூஜ ரூம் பக்கத்து பல்பு.” இப்படியே ஒரு மணி நேரம். கூடுதலான ஐந்தில் ஒன்று ரவுட்டரே. ஒன்று கேட் விளக்குக்கு அந்தப் பையன் சொல்லாமலே மாட்டிய பிளக். ஒன்று இன்வெர்ட்டரின் வைஃபை. அப்படி ஒன்று அதில் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒன்று பேரப்பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன டேப்லெட், பீரோவுக்குள் சார்ஜரில் செருகியபடி.

பதினான்காவது ஒரு போன். எம்ஏசியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது நிறுவனம் கொடுத்த முகவரி இல்லை, போன் தானே வைத்துக்கொண்ட பொய் முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்கள் இப்படித்தான் செய்கின்றன. அதனால் யாருடையது என்று மென்பொருளால் சொல்ல முடியவில்லை.

பெரியம்மா சொல்லிவிட்டார். “அது நம்ம பக்கத்து வீட்டுப் புள்ளயோடது. பரிட்சைக்குப் படிக்கிறான், பாவம். நான்தான் நம்பர் எழுதிக் குடுத்தேன்.”

“ரெண்டு தடவையுமா?” என்றார் பெரியப்பா.

“நீ மாத்தினா நான் என்ன பண்றது?”

ஒன்பது நாளில் அந்தப் பையன் எடுத்தது 1.1 ஜிபி. வழக்கின் முதல் எதிரி அதோடு விடுதலை.

காணாமல் போன 6 ஜிபி

14-ஆம் தேதி, திங்கட்கிழமை. இரவு ரவுட்டரின் மொத்தக் கணக்கைப் பார்த்தேன்: அன்று மட்டும் 21.4 ஜிபி. மென்பொருளில் எல்லாச் சாதனங்களையும் கூட்டினால் 15.3. ஆறு ஜிபி எங்கே?

டிவிக்கு நேராக இருந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. நாள் முழுக்க 70 எம்பி. பெரியப்பா மத்தியானம் பழைய பாட்டு, சாயந்திரம் செய்தி, ராத்திரி பட்டிமன்றம் என்று குறைந்தது நாலு மணி நேரம் யூடியூபில் இருப்பவர். 70 எம்பியில் பட்டிமன்றத்தின் வரவேற்புரை கூட முடியாது.

விடை ஐபிவி6. இணைய முகவரிகளில் பழைய வகை ஐபிவி4, புதிய வகை ஐபிவி6. மேலே சொன்ன ‘யாரு, நான்தான்’ ஏமாற்று ஐபிவி4-க்கு மட்டும்தான். ஐபிவி6-இல் ஏஆர்பியே கிடையாது. பக்கத்துச் சாதனத்தைக் கண்டுபிடிக்க வேறு முறை. கேபிள்காரர் இரண்டு வகை முகவரியும் தருகிறார். ஐபிவி6 கிடைத்தால் டிவியும் யூடியூபும் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஆக டிவியின் படமெல்லாம் என் லேப்டாப்பைச் சீண்டாமல் பக்கத்துச் சந்தில் போய்க்கொண்டிருந்தது. விலை குறைந்த கேமரா, பல்பு எல்லாம் ஐபிவி4 மட்டும் தெரிந்தவை, அவை மாட்டிக்கொண்டன.

ரவுட்டரில் ஐபிவி6-ஐ அணைத்தேன். செவ்வாய் இரவு இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின. டிவி 6.2 ஜிபி. மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதியிருந்தால் டிவியைச் சுத்தமானது என்று விட்டிருப்பேன். இந்த வேலை செய்கிறவர்கள் ரவுட்டரின் மொத்தக் கணக்கோடு தினமும் ஒருமுறை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி. பல வழிகாட்டிகளில் இந்த ஒரு வரி இருப்பதில்லை.

டிவி பற்றி இன்னொன்று. படம் எதுவும் ஓடாமல், செட்டாப் பாக்ஸ் வழியாக ஒவ்வொரு சேனலாக மாற்றிக்கொண்டிருக்கும்போதும் அது விடாமல் சின்னச் சின்னதாக எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் என்ன ஓடுகிறது என்று அடையாளம் கண்டு அனுப்பும் வசதி பல டிவிகளில் உண்டு. அமெரிக்காவில் விஸியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் இதைப் பார்வையாளர் சம்மதம் இல்லாமல் செய்ததாக வந்த வழக்கில், 2017-இல் 22 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. பெரியப்பா டிவியின் அமைப்புகளில் நான்கு அடுக்கு உள்ளே போனால் அதற்கான சுவிட்ச் இருந்தது. அணைத்ததும் அந்தச் சின்னத் துடிப்பு நின்றது. இதில் ஜிபி ஒன்றும் மிச்சமாகவில்லை.

காலை 6:30

டிவி போக, நாளுக்கு மிச்சம் 14.5 ஜிபி. அது முழுக்க இரண்டு கேமராக்கள். அதுவும் இறக்கம் இல்லை, ஏற்றம். வீட்டிலிருந்து வெளியே போவது.

கேமராவில் மெமரி கார்டு இருக்கிறது, பதிவு அதில்தான் ஆகிறது. மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) பணம் கட்டவில்லை. அப்படியானால் யாரும் பார்க்காதபோது அவை சும்மா இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் 1.8 எம்பிபிஎஸ் வேகத்தில், மணிக்கு 0.8 ஜிபி வீதம் தள்ளிக்கொண்டிருந்தன. போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பெயர் இல்லை, வெறும் எண் முகவரி. மற்றதெல்லாம் பெயரோடு வரும்: செய்தி பூட்டியிருந்தாலும் பேச்சைத் தொடங்கும்போது சர்வரின் பெயரைத் திறந்த குரலில் சொல்லிவிடும் பழக்கம் பெரும்பாலான சாதனங்களுக்கு உண்டு. இது சொல்லவில்லை.

உள்ளபடி சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2016-இல் மிராய் என்ற நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று, தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் ஏவி, அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே படுக்கவைத்தது. அதற்குத் தேவைப்பட்டது அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டும். பெரியப்பா வீட்டுக் கூடத்துக் கேமராவின் பாஸ்வேர்டைப் பார்த்தேன். பெட்டியில் அச்சடித்திருந்ததேதான். ரவுட்டரில் யுபிஎன்பி திறந்திருந்தது. கேமரா யாரையும் கேட்காமல் வெளியுலகத்துக்குக் கதவு திறந்துகொள்ளலாம். சரி, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

அந்த எண் முகவரி யாருக்குச் சொந்தம் என்று பதிவேட்டில் தேடினால், சிங்கப்பூர். இதுவும் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மேகச் சேவைக்காரர்கள் எல்லோருக்கும் சிங்கப்பூரில் டேட்டா சென்டர் உண்டு. இங்கே விற்கும் பாதிச் சாதனங்கள் அங்கேதான் பேசும். ஆனால் இது மேகச் சேவைக்காரருடைய முகவரி இல்லை. அங்கே வீடுகளுக்கு பிராட்பேண்ட் கொடுக்கும் நிறுவனத்தின் முகவரி.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாள் வரைபடத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐந்து நாளும் காலை ஆறரைக்கு எழுகிறது. மத்தியானம் மூன்றரைக்கு விழுகிறது. முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் தட்டை. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். ஆறரை என்றால் அங்கே ஒன்பது. மூன்றரை என்றால் ஆறு.

எந்தத் திருடன் ஒன்பதிலிருந்து ஆறு வரை வேலை பார்த்து, சனி ஞாயிறு லீவு எடுக்கிறான்?

அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. “ஆமாண்டா, டேப்ல ஓப்பன் பண்ணி டேபிள் மேல வச்சிருப்பேன். ரெண்டு கேமராவும் பக்கத்துல பக்கத்துல தெரியும். அம்மா அங்க நடக்கறா, நான் இங்க வேல பாக்கறேன். ஏன், அதுக்குக் காசா?”

நேரலையில் பார்க்கும்போது கேமராவும் டேப்பும் நடுவில் சர்வர் இல்லாமல் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். கம்பெனியின் சர்வர் இரண்டு பேருக்கும் அறிமுகம் செய்துவைப்பதோடு சரி. அதனால்தான் பெயரில்லாத முகவரி. நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு கேமரா, மாதம் 22 வேலை நாள்: 320 ஜிபி. டிவி 180-க்கு மேல். 400 எப்படி மாதக் கடைசி வரை வரும்? 23-ஆம் தேதிக்கு மேல் கேமரா நின்று நின்று வருகிறது என்று அக்கா கோபித்துக்கொண்டதும் இதனால்தான். தீர்த்ததும் அவள், திட்டியதும் அவள்.

பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அதான், நான் மத்தியானம் சாப்பிடாம படுத்தா அஞ்சு நிமிஷத்துல போன் வருதா? பெத்த பொண்ணுக்குத் தானா தெரியுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே” என்றார். கூடத்தில்தான் அவர் தலை சீவுவது, வலிக்கிற முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது, வேலைக்காரம்மாவோடு மருமகளைப் பற்றிப் பேசுவது. கேமரா இருப்பது தெரியும். அதன் மறுமுனையில் நாளெல்லாம் ஆள் இருப்பது தெரியாது.

பல்பு சொன்னது

இதை எழுதலாமா என்று யோசித்தேன். பெரியப்பாவே, “எழுது, மத்தவனுக்கும் தெரியட்டும்” என்றதால் எழுதுகிறேன்.

நடைபாதைப் பல்பு ஆள் நடமாட்டம் தெரிந்ததும் எரியும். எரியும்போதும் அணையும்போதும் சர்வருக்கு ஒரு சின்னத் தகவல் அனுப்பும். சில நூறு பைட்டுகள். ஜிபி தேடப் போனவனுக்கு அது தூசி. ஆனால் பட்டியலில் நேரத்தோடு பதிவாகியிருந்தது. பதினொன்றே முக்கால், ஒன்றேகால், இரண்டு ஐம்பது, நாலு இருபது. அடுத்த நாளும் கிட்டத்தட்ட அதே. படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இருக்கும் பல்பு அது. பெரியப்பாவின் போன் இரண்டு மணி முதல் மூன்றரை வரை விழித்திருந்ததும் தெரிந்தது.

செய்தி பூட்டியிருந்தாலும், எப்போது எவ்வளவு போகிறது என்பதை வைத்தே வீட்டுக்காரர் எழுந்தது, படுத்தது எல்லாம் சொல்லிவிடலாம் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2017-இலேயே நான்கு சாதனங்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். நான் அதைப் படித்திருக்கிறேன். படித்தபோது அது தலைப்பு; இப்போது அது பெரியப்பா.

அவரைத் தனியாகத் தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிப்போய், “ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறீங்களா?” என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “உங்க பெரியம்மா சொன்னாளா?” “இல்ல, பல்பு.” அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் மஞ்சக்குப்பத்தில் சர்க்கரை பார்த்தார். மீதி அவர் சொந்த விஷயம்.

அக்கா செய்ததற்கும் நான் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அன்று ராத்திரி தோன்றியது. அவள் படத்தைப் பார்த்தாள், நான் நேரத்தைப் பார்த்தேன். பெரியப்பா கையெழுத்துப் போடாத குறையாகச் சம்மதம் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பையனைப் பிடிக்கத்தான். தன்னைப் பிடிக்க இல்லை. அதனால் 20-ஆம் தேதி ஞாயிறு மாலை, பெரியப்பா எதிரிலேயே பதிவுகளை அழித்துவிட்டு மென்பொருளை நீக்கினேன். கிளம்பும் முன் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, எல்லாச் சாதனமும் நேர்வழிக்குத் திரும்பியதைப் பார்த்துக்கொண்டேன். ஐபிவி6-ஐயும் மறுபடி திறந்துவிட்டேன். வாடிக்கையாளர் வீட்டில் இதைப் போட்டால், வாரம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது இப்போது கடையின் வழக்கம். நிரந்தரமாக ஓடவிடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு, பெரும்பாலும் பிள்ளைகளின் போனுக்காக. நான் செய்வதில்லை.

மாற்றியவை

பாஸ்வேர்டுகள் மூன்றும் மாறின: இரண்டு கேமரா, ரவுட்டரின் நிர்வாகப் பக்கம். யுபிஎன்பி மூடியாயிற்று. அதற்குப் பிறகும் அக்காவால் பார்க்க முடிகிறது. நேருக்கு நேர் பேச அது கட்டாயம் இல்லை. பீரோ டேப்லெட் அணைக்கப்பட்டது. பல்பு, பிளக், மோட்டார் சுவிட்ச், இன்வெர்ட்டர், ஏசி எல்லாவற்றையும் ரவுட்டரின் விருந்தினர் வைஃபைக்கு மாற்றினேன். ஒன்று கெட்டால் மற்றதைத் தொடாது. கேமராக்களுக்குக் கம்பெனி கடைசியாக வெளியிட்ட ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளைப் போட்டேன். சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம் என்ற மத்திய அரசின் 2024 ஏப்ரல் அறிவிக்கை 2025 ஏப்ரல் 9 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இவை ஜனவரியில் வாங்கியவை. அடுத்ததாக வாங்கும்போது சான்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜிபிக்கு மருந்து ஒரே ஒரு அமைப்பில் இருந்தது. அக்காவின் செயலியில் தரத்தை எச்டியிலிருந்து எஸ்டிக்கு மாற்றினோம். 1.8 எம்பிபிஎஸ் 0.4 ஆனது. அதே ஒன்பது மணி நேரம் பார்த்தாலும் மாதம் எழுபது ஜிபிதான். “அம்மா மூஞ்சி மங்கலா தெரியுதுடா” என்றாள் முதல் நாள். டேபிளில் தள்ளி வைத்த டேப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்று இரண்டாம் நாள் ஒப்புக்கொண்டாள்.

கூடத்துக் கேமராவுக்கு மட்டும் தனிப் பஞ்சாயத்து நடந்தது. எடுத்துவிடலாம் என்றார் பெரியப்பா. விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று அக்கா அழுதாள். கடைசியில் பெரியம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: கேமரா இருக்கட்டும், சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கட்டிலிலிருந்து எட்டும் உயரத்தில் ஒரு சாதாரணச் சுவிட்ச் போட்டோம். வைஃபை சுவிட்ச் இல்லை, பழைய ‘டக்’ சுவிட்ச்.

ஆகஸ்ட் 31 இரவு பெரியப்பா ரவுட்டர் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். 112 ஜிபி மிச்சம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இந்தமுறை அவரே நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து பெரியம்மா கட்டிலில் சாய்ந்தார், கையை நீட்டி ‘டக்’ என்று அணைத்தார். இரண்டு நிமிஷம் இருக்கும், போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, அந்தப் பக்கம் கேட்பதற்கு முன்னாலேயே, “சாப்பிட்டேண்டி. மோர்க்குழம்பு. வை” என்றார்.